கேள்வி – பதில்: ரவுடிக்குப் புகழ் உண்டா?

கேள்வி: 'பிரபல ரவுடி கைது' என்று செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறேன். ஆளை வெட்டுகிறவனுக்கு எதற்கு இந்தப் பட்டம்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் சொல்லின் மேல் குற்றம் இல்லை. 'பிரபல' என்றால் பலருக்கும் தெரிந்த, அவ்வளவுதான்; தெரிந்தது நல்லதுக்கா கெட்டதுக்கா என்றெல்லாம் அது கேட்பதில்லை. பிரபல டாக்டர், பிரபல ஜவுளிக்கடை, பிரபல ரவுடி எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம். அதே இடத்தில் 'புகழ்பெற்ற ரவுடி' என்று போட்டுப் பாருங்கள், செய்தி எழுதியவர் அவனுக்கு மச்சானாக இருப்பாரோ என்று சந்தேகம் வந்துவிடும்.

புகழ் என்பது பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும். புகழ்கிற வாய் நாலு இருந்தால்தான் புகழ். அதனால்தான் அதற்கு எதிர்ச்சொல்லாக 'யாருக்கும் தெரியாமல் இருப்பது' வருவதில்லை, பழி வருகிறது. புறநானூற்றின் 182-ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி நல்லவர்களைப் பற்றிச் சொல்கிறார்: 'புகழெனின் உயிருங் கொடுக்குவர், பழியெனின் உலகுடன் பெறினும் கொள்ளலர்.' இதில் புகழை எடுத்துவிட்டுப் பிரபலத்தை வைத்துப் படித்தால், ரயில் வரும்போது தண்டவாளத்தில் நின்று வீடியோ எடுக்கிற பையன்களைப் பற்றிய பாட்டாகிவிடும்.

இன்னொன்று, பிரபலம் என்பதற்கு சமஸ்கிருதத்தில் பலம் மிகுந்தது என்றுதான் பொருள், மலையாளத்தில் இன்றைக்கும் அப்படித்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் டாக்டரைவிட ரவுடிக்குத்தான் சொல் பொருத்தமாக இருக்கிறது! 'விழாவுக்கு மூன்று பிரபலங்கள் வந்தார்கள்' என்று ஆளையே பிரபலம் ஆக்குவதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை, என்னவோ மூன்று பொட்டலம் வந்து இறங்கியது மாதிரி இருக்கிறது.

கேள்வி: என் மகள் கட்டுரையில் 'திண்டுக்கல் பூட்டுக்குப் பேர் போனது' என்று எழுதினாள். ஆசிரியர் 'பெயர் பெற்றது' என்று திருத்திவிட்டார். பேர் போனது தப்பா?
– ஒரு வாசகி, மணப்பாறை

பதில்: தப்பே இல்லை. 'பேர்' பேச்சு வழக்கு, பரீட்சைத்தாளில் 'பெயர்' என்று இருக்கட்டும் என்று ஆசிரியர் நினைத்திருந்தால் அது அவர் உரிமை. ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 'பெயர் பெற்ற' என்றால் பெரும்பாலும் நல்லதுக்குத்தான். 'பேர் போன' இரண்டு பக்கமும் போகும்: உங்கள் ஊர் முறுக்குக்குப் பேர் போனது, என் பெரியப்பா கஞ்சத்தனத்துக்குப் பேர் போனவர். கஞ்சத்தனத்துக்குப் பெயர் பெற்றவர் என்று சொன்னால் அதில் ஒரு நக்கல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு இதில் பிடித்த வேடிக்கை 'போன' என்கிற சொல். பேர் ஊர் எல்லை தாண்டிப் போயிருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், சரி. அதையே வினைமுற்றாக்கி 'அந்த மனுஷனுக்குப் பேர் போச்சு' என்றால் இருந்த மானமும் போய்விட்டது. அதே பேர், அதே போதல், ஆனால் ஒன்றில் ஆள் உயர்கிறார், மற்றதில் தலைகுனிந்து நிற்கிறார். தமிழ் படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

பேர் தன்னளவில் வெறும் பாத்திரம்தான். நல்ல பேர் எடுக்கலாம், கெட்ட பேர் வாங்கலாம். கெட்ட புகழ் வாங்கினான் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'பேரும் புகழுமாக இரு' என்று பெரியவர்கள் வாழ்த்துவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன், பேர் மட்டும் என்று வாழ்த்தினால் அது எந்தப் பக்கம் போகுமோ!

கேள்வி: 'ஈதல் இசைபட வாழ்தல்' குறளைச் சொல்லி, வள்ளுவரே பாட்டோடு வாழச் சொல்கிறார் என்று எங்கள் சபாவில் ஒருவர் பேசினார். சரியா?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: கைதட்டு கிடைத்திருக்கும், ஆனால் சரியில்லை. அது 231-ஆவது குறள், அதிகாரத்தின் பெயரே 'புகழ்'. இசை என்றால் அங்கே புகழ். 'கொடு, அதனால் வரும் புகழோடு வாழ்' என்கிறார். அடிப்படையில் இசை என்றால் ஒலி, நாலு பேர் வாயிலிருந்து காதுக்கு வருகிற ஒலியும் இசைதான், பாட்டும் இசைதான். அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் 'இசையொழிய வாழ்வாரே வாழாதவர்' என்றும் இருக்கிறது. உங்கள் நண்பர் சொல்வதுபோல் பொருள் கொண்டால், சுருதி சேராத என் போன்றவர்கள் எல்லாம் வாழாதவர்கள் கணக்கில் போய்விடுவோம்.

கேள்வி: கீர்த்தி, பிரசித்தி, இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கிட்டத்தட்ட. ஆனால் பிரசித்தி இப்போது பெரும்பாலும் கோயில் வாசலில்தான் நிற்கிறது: பிரசித்தி பெற்ற தலம், பிரசித்தி பெற்ற தேர்த்திருவிழா. கீர்த்திக்கு 'மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது' என்கிற பழமொழி ஒன்று மிச்சம் இருக்கிறது, மற்றபடி பெண் குழந்தைக்குப் பெயராக வைத்துவிட்டோம்.