ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஊசியைக் கையில் எடுக்கிறேன்

மேடம், வணக்கம்.

எனக்கு 41 வயது. கிருஷ்ணகிரி மாவட்டம், பர்கூர் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். பெண் ஏழாம் வகுப்பு, பையன் ஒன்றாம் வகுப்பு. ஆகஸ்டில் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டில்தான் இருக்கிறார்கள். வாக்கரைப் பிடித்து நாலு அடி நடப்பார்கள். குளிப்பாட்டுவது, பாத்ரூம் கூட்டிப் போவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் நான்தான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தை என்னை நன்றாக வைத்திருந்தவர்கள்.

நான் கேட்க வந்தது சின்ன விஷயம். உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்கவும்.

கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரங்களை கிராஸ் ஸ்டிச்சில், அதாவது கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகப் போடும் தையலில், நானே தைப்பேன். எங்கள் வீட்டில் அதற்கு ‘தொங்கல்’ என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் ஒரு சிஸ்டர் கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் சொல்லிக் கொடுத்தது. பெண் பிறந்த வருஷம் முதல் கிறிஸ்துமஸுக்கு ஒரு சிவப்பு நட்சத்திரம் தைத்தேன். துவைத்ததும் சாயம் இறங்கி ஓரமெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றுவரை அதுதான் மரத்தில் முதலில் ஏறும். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒன்று, கீழே வருஷத்தையும் தைத்துவிடுவேன். கல்யாணமாகிப் போகும்போது அவரவர் தொங்கலை அவரவருக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆசை.

இப்போது ஆன்லைனில் அய்டா என்ற கட்டத் துணி வாங்குகிறேன். 14 கவுண்ட், அதாவது ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம். துணியை நாலாக மடித்து நடுப்புள்ளி பார்த்து அங்கிருந்து ஆரம்பிப்பேன். ஆறு இழை நூலில் இரண்டு இழையை மட்டும் உருவி, முனை மழுங்கின ஊசியில் கோத்துக்கொள்வேன். வரிசை முழுக்கச் சாய்வாகப் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது குறுக்கே போட்டு மூட வேண்டும். மேலே வருகிற நூல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் பளபளப்பு ஒன்றுபோல இருக்கும். முடிந்ததும் வட்டமாக வெட்டி, உள்ளே அட்டை, பின்னால் ஃபெல்ட் துணி, மேலே ரிப்பன். மூன்று அங்குல வட்டத்துக்கே 900 தையல் வரும். மணிக்கு 120 தையல் ஓடினால் எனக்கு அது நல்ல நாள்.

இந்த வருஷம் பெங்களூரில் இருக்கும் நாத்தனார் தன் அபார்ட்மெண்ட் சினேகிதிகளுக்கு ஆறு கேட்டார். என் அக்காவுக்கு இரண்டு. கோவில் மாதர் சங்கத்துக்கு இரண்டு. பிள்ளைகளுக்கு இரண்டு. மொத்தம் 12. எல்லாருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். இன்று டிசம்பர் 6. முடிந்தது மூன்று, பாதியில் ஒன்று. எல்லாரும் படுத்த பிறகு, பதினொரு மணிக்கு மேல்தான் ஊசியை எடுக்கிறேன். ஒன்றரை ஆகிவிடும். ஐந்தரைக்கு எழ வேண்டும். கட்டம் எண்ணுவது தப்பிப் போய்ப் பிரிக்கிறேன். தலை வலிக்கிறது. பகலில் எப்போதாவது எடுத்தால், சரியாக அந்த நேரத்துக்கு அத்தை தண்ணீர் கேட்பார்கள். வீட்டுக்காரர், “கடையில டஜன் கணக்குல கிடைக்குது, எதுக்கு இந்தக் கண்ணைக் கெடுத்துக்கற வேலை?” என்கிறார்.

போன சனிக்கிழமை அத்தையைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறேன், பையன் பாதி தைத்த தொங்கலை எடுத்து மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடையதுதான் அது. ஊசி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, நூல் சிக்கிக் கிடந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் முதுகில் அறைந்துவிட்டேன். அவன் அழக்கூட இல்லை மேடம், “என்னோடதுதானே மா” என்றான். அன்றிலிருந்து துணியைத் தொடவில்லை. தொடாமலும் இருக்க முடியவில்லை, நினைப்பெல்லாம் அங்கேயே இருக்கிறது. யாருக்கும் தேவைப்படாத ஒரு வேலைக்காகப் பிள்ளையை அடித்த நான் சுயநலக்காரிதானே? எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடட்டுமா?

— ஒரு வாசகி, பர்கூர் அருகில்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பையன் விஷயம். ஊசி குத்திவிடுமே என்ற பயமும் தைத்தது கெட்டதே என்ற கோபமும் ஒரே நொடியில் வந்து கையை ஓங்க வைத்திருக்கின்றன. காரணம் புரிகிறது, ஆனாலும் அடித்தது தவறுதான். அதை அவனிடம் நேராகச் சொல்லுங்கள்: “ஊசியைப் பார்த்து அம்மா பயந்துட்டேன் கண்ணு. உன்னை அடிச்சது தப்பு.” இவ்வளவு போதும். ‘நீ எடுத்ததாலதான்’ என்று ஒட்டு வைக்காதீர்கள். அவன் எதையும் பாழாக்க வரவில்லை. முடியும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் தன்னுடையதைக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறான். நீங்கள் தைப்பதை அந்த வீட்டில் ஆசையோடு எதிர்பார்ப்பது அவன்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘யாருக்கும் தேவைப்படாத வேலை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அவனிடம் கேட்டுவிட்டா எழுதினீர்கள்?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சின்ன விஷயம் என்கிறீர்கள், மன்னிக்கவும் என்கிறீர்கள், குறை சொல்லவில்லை என்கிறீர்கள். துணியை நாலாக மடிப்பது, இழை உருவுவது, நூல் ஒரே பக்கம் சாய்வது என்று எழுதிய அந்த ஒரு பத்தியில் மட்டும் நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. அந்தப் பத்தியை எழுதியவரைப் பரணில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கணக்கு உதைக்கிறது. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். பாக்கி எட்டரை தொங்கல். ஒன்றுக்கு 900 என்றால் 7,650 தையல். மணிக்கு 120 வீதம் ஏறக்குறைய 64 மணி நேரம். 24ஆம் தேதிக்கு 18 நாள்தான் இருக்கிறது. தினம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும், அதுவும் கட்டம் தப்பாத நல்ல நாட்களாகவே எல்லாம் அமைந்தால். படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டு, அரையாண்டுத் தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்துகொண்டு, யாராலும் ஆகாத காரியம். உங்கள் திறமையிலும் பொறுமையிலும் குறையில்லை. ஏற்றுக்கொண்ட எண்ணிக்கைதான் அதிகம்.

அதனால் நாத்தனாரின் ஆறை இன்றே விட்டுவிடுங்கள். போனில் இழுக்க வேண்டாம், இரண்டு வரி அனுப்புங்கள்: “அண்ணி, அத்தையைப் பார்த்துக்கொள்வதில் இந்த வருஷம் என்னால் முடியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து நிதானமாக உங்களுக்கு மட்டும் ஒன்று தைத்துத் தருகிறேன்.” அவருடைய அம்மாவைத்தான் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள். அவருக்குப் புரியும், புரியாவிட்டாலும் பரவாயில்லை. மாதர் சங்கத்துக்கு முடிந்த மூன்றில் இரண்டைக் கொடுத்துவிடுங்கள், அக்காவுக்கு ஒன்று போகட்டும். மீதி உங்கள் பிள்ளைகளின் இரண்டு, அதிலும் ஒன்று பாதி முடிந்திருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை.

‘தொடாமலும் இருக்க முடியவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். முடிக்காமல் விட்ட வேலை மனதில் சுற்றிச் சுற்றி வருவதை ப்ளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927லேயே எழுதினார். பின்னால், 2011இல் இரண்டு ஆய்வாளர்கள் இதில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னார்கள். வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த உறுத்தல் குறைகிறது என்று. அதனால் ‘நேரம் கிடைத்தால் தைப்பேன்’ என்பதை விடுங்கள். உங்கள் வீட்டில் நேரம் தானாகக் கிடைக்காது.

மத்தியானம் அத்தை சாப்பிட்டு மாத்திரை போட்ட பிறகு, இரண்டிலிருந்து மூன்று. அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, ஜன்னலோரம் நாற்காலியைப் போடுங்கள். நீங்கள் ஊசி எடுக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் கேட்கிறார்கள் என்றீர்கள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறவர், மருமகள் ஓட்டத்தை நிறுத்தி உட்கார்ந்தது தெரிந்ததும் கூப்பிடுகிறார். தாகம் கொஞ்சம்தான் இருக்கும், துணை வேண்டியிருப்பது நிறைய இருக்கும். தண்ணீரைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தையுங்கள். எந்தக் கலரை அடுத்து எடுப்பது என்று அவர்களையே கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் கரும்பச்சையும் கருநீலமும் குழப்பாது என்பது கூடுதல் லாபம்.

தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் ‘பொர்கை’ என்ற பெயரில் தங்கள் பாரம்பரியத் தையலை மீட்டெடுத்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். கைவிட்டுப் போகவிருந்த தையலை, வயதானவர்களின் நினைவிலிருந்து எடுத்து இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். கைத்தையலை அப்படிக் கூட உட்கார்ந்து, பேசிக்கொண்டு, பகலில் செய்யலாம். நீங்கள்தான் அதைத் திருட்டு வேலைபோல நடுராத்திரிக்குத் தள்ளிவைத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்காரர் சொன்னதும் உங்களைத் தைத்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவரிடம் நீங்கள் எதையாவது கேட்டதாகக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. ராத்திரி ஒன்றரைக்கு விளக்கு எரிவதை மட்டும் பார்க்கிறவருக்குக் கண் கெடுகிறதே என்றுதான் தோன்றும். அந்தத் தொங்கல்கள் ஒருநாள் பிள்ளைகளோடு போக வேண்டும் என்ற உங்கள் ஆசை அவருக்குத் தெரியுமா? சொல்லுங்கள். அப்புறம், “உதவி செய்யுங்க” என்று பொதுவாகச் சொல்லாமல், “உங்க வார லீவு அன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் அம்மாவை நீங்க பார்த்துக்கங்க” என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். முதல் தடவையே ஒப்புக்கொள்வார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அடுத்த வாரமும் கேளுங்கள்.

தலைவலியையும் கட்டம் தப்புவதையும் மனச்சோர்வு என்று முடிவு கட்டும் முன் கண்ணைப் பரிசோதியுங்கள். 41 வயது என்கிறீர்கள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் சாளேசுரம் ஆரம்பிக்கிற வயது அது. ஒரு அங்குலத்தில் 14 கட்டத்தை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எண்ணினால் யாருக்கும் தலை வலிக்கும். ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடியில் பாதித் தொல்லை தீர்ந்தாலும் தீரும்.

தூக்கத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். நாலு மணி நேரம் தூங்குகிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கம் கெட்ட உடம்பில் கோபம் நுனியில் நிற்கும், சனிக்கிழமை நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். நன்றாகத் தூங்கியும், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் பாரமாகவே இருந்தால், பிடித்த எதிலும் ஈடுபாடு வராவிட்டால், உயிரோடு இருந்து என்ன என்ற நினைப்பு வந்தால், 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழில் பேசலாம். கடைசியாகச் சொன்ன நினைப்பு வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி அந்தப் பாதித் தொங்கல். மரமும் குடிலும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை, ஜனவரி 6 வரை, வீட்டில் இருக்கும்தானே? 24ஆம் தேதி ராத்திரியோடு உங்கள் வேலைக்குக் கெடு முடிந்துவிடவில்லை. மகளுடையதை முதலில் முடியுங்கள். பையனுடையது இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாதியாகவே தொங்கட்டும், அவனே மாட்டட்டும். பண்டிகைக்குப் பிறகு, அரையாண்டு விடுமுறையில், அதை இறக்கி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து மீதியைத் தையுங்கள். வருஷத்தின் கடைசி எண்ணுக்கு நாலு தையலை அவன் கையால் போட வையுங்கள். கோணலாகத்தான் வரும், பிரிக்காதீர்கள்.

இப்போதைக்கு, மாட்டக் கொடுக்கும் முன் ஊசியை மட்டும் கழற்றிவிடுங்கள்.