ஆள் போட்டாச்சு, அதிகாரம் கொடுத்தீர்களா?

கேள்வி: எங்கள் சபையில் வாலிபர் ஊழியத்துக்கு நான்தான் பொறுப்பு. பாடல், வாகனம், முகாம் செலவு என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் போட்டுவிட்டேன். ஆனாலும் எல்லாரும் எல்லாவற்றுக்கும் என்னிடமே வந்து நிற்கிறார்கள், கடைசியில் நானே செய்துவிடுகிறேன். கடவுள் என்னை நம்பிக் கொடுத்ததை அடுத்தவர் தலையில் கட்டுகிறோமோ என்ற உறுத்தலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த உறுத்தல். பைபிளில் இஸ்ரவேல் ஜனங்களை வழிநடத்திய மோசேயும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார், தேவனிடத்தில் விசாரிக்க ஜனங்கள் என்னிடம்தானே வருகிறார்கள் என்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை ஆளாக உட்கார்ந்து வழக்குக் கேட்ட அவரைப் பார்த்து மாமனார் எத்திரோ மெச்சிக்கொள்ளவில்லை, நீர் செய்கிறது நல்லதல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார், நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். (மாமனார் சொன்னதை மருமகன் அப்படியே கேட்டார் என்பது தனி ஆச்சரியம்!) நாம் ஓடி ஓடிக் களைப்பது நமக்குத் தெரியும், நமக்காகக் காத்து நின்று களைக்கிறவர்கள்தான் கண்ணில் படுவதில்லை.

சரி, உங்கள் சிக்கலுக்கு வருவோம். இந்தச் சம்பவம் வரும் யாத்திராகமம் 18-ஐ மறுபடி வாசியுங்கள். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கென்று தலைவர்களை வைத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். சின்ன வழக்குகளை அவர்களே தீர்த்தார்கள் என்பதைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். தீர்ப்பை எழுதி எடுத்துக்கொண்டு மோசேயிடம் ஒப்புதல் வாங்க யாரும் வரிசையில் நிற்கவில்லை, கடினமானது மட்டுமே அவரிடம் போனது. நீங்கள் வேலையைக் கொடுத்துவிட்டு முடிவெடுப்பதைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்தப் பாட்டு என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றால் அவர் கேட்க வராமல் என்ன செய்வார்?

ஆதிச் சபையைப் பற்றிச் சொல்லும் அப்போஸ்தலர் 6-இல் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தார்கள். ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே விட்டார்கள் தலைமையில் இருந்த பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். தெரிவான ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள், அதாவது குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தி போயிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இருக்குமா என்றால் சந்தேகம்தான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆள் போடச் சொல்லவில்லை. எத்திரோ சொன்ன தகுதிகளில் பொருளாசையை வெறுக்கிறவர் என்பதும் ஒன்று, முகாம் பணத்தை யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.

அப்புறம், பொறுப்பைக் காதோடு சொல்லிக் கொடுக்காதீர்கள். மோசேக்கு அடுத்த தலைவரான யோசுவாவைச் சபை முழுவதற்கும் முன்பாக நிறுத்தி, அவர்மேல் கைவைத்து, உன் கனத்தில் (அதாவது அதிகாரத்தில்) கொஞ்சம் அவனுக்குக் கொடு என்றுதான் மோசேக்குக் கட்டளை. அதுபோல நீங்களும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், வாகனம் இனி இவர் முடிவு, இவ்வளவு வரை செலவு இவர் முடிவு என்று. மறுநாளே யாராவது வாகனத்தைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள், பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அவரிடமே அனுப்புங்கள். முதல் இரண்டு முறை வாகனம் தாமதமாகத்தான் வரும்.