கல்லைப் புரட்டினால்தான் கணக்கு: துருவச் சிற்றுண்ணிகள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): அண்டார்க்டிகா முழுக்கப் பனி. அங்கே மண் சிற்றுண்ணியை எங்கே போய்த் தேடுவது?

பதில்: கண்டத்தில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மைட் எனப்படும், எட்டுக்கால் கொண்ட மிகச் சிறிய உயிர்களான சிற்றுண்ணிகள் பிழைப்பது அந்தச் சொற்பத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் சனே 4 ஆய்வு நிலையம் உள்ள குயின் மாட் லேண்டில், பனிப்படலத்தைத் துளைத்து நிற்கும் பாறைமுகடுகளை நுனாடக் என்பார்கள். அவற்றின் இடுக்குகளில் கிடக்கும் சரளையே அங்கு மண். மவுதைமியா வில்சோனி என்ற சிற்றுண்ணி இனம் 1958இல் விவரிக்கப்பட்டது இந்தப் பகுதியிலிருந்துதான்.

பனிப் பெட்ரல் என்ற கடற்பறவை கூடு கட்டும் முகடுகளில் எச்சம் உரமாகிப் பாசி வளரும், சிற்றுண்ணியும் பெருகும். ஆகவே கூடு, உருகுநீர் ஓடும் தடம், வெயில் படும் வடக்குச் சரிவு மூன்றையும் முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே மட்டும் தேடாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

கேள்வி (கேப் டவுன் மாணவி): மேரியன் தீவில் மண் மாதிரி எடுக்கப் போகிறேன். டல்கிரன் புனல் சரியாக வேலை செய்ய என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: டல்கிரன் புனலில் மேலிருக்கும் பல்பு மண்ணை உலர்த்தும்; அதிலிருந்து தப்பச் சிற்றுண்ணிகள் கீழிறங்கிக் குப்பியில் விழும். முதலில் மாதிரி: 7 செ.மீ. விட்டமுள்ள குழாயை மண்ணில் 5 செ.மீ. ஆழம் இறக்குங்கள். அதன் பரப்பு 38.5 சதுர செ.மீ. அப்படியானால் ஒரே ஒரு சிற்றுண்ணி கிடைத்தாலும் சதுர மீட்டருக்கு 260 என்று கணக்கில் ஏறும். சிற்றுண்ணிகள் கும்பல் கும்பலாக இருப்பவை. ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஐந்து குழாய் இறக்கினால் அது ஐந்து மாதிரி ஆகாது, ஒரு மாதிரிதான். பெரிய மாதிரி சிலவற்றைவிடச் சிறிய மாதிரி பல நல்லது. அசோரெல்லா செடித்திட்டில் ஒன்று, பக்கத்து வெற்றுத்தரையில் ஒன்று என்று ஜோடியாக எடுங்கள். அந்தச் செடி மிக மெதுவாக வளர்வது. திட்டைக் கத்தியால் அறுக்க வேண்டாம்.

மாதிரியைக் குளிர்பெட்டியில் சுமார் 5 டிகிரியில் வைத்து, இரண்டொரு நாளுக்குள் புனலில் ஏற்றிவிடுங்கள். 2 மி.மீ. வலைமேல் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பெரும்பாலானவை மேல்மண்ணில் இருப்பதால் அவை வெளியேறும் வழி குறுகும். பல்பு 25 வாட் இழைபல்பாக இருக்கட்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், போதிய வெப்பம் தராது. புனல் வேலை செய்யாததற்கு இப்போதெல்லாம் இதுவே முக்கியக் காரணம். பல்பைத் தொடக்கத்தில் உயரத்தில் வைத்து, நாளுக்கு நாள் இறக்குங்கள். அவசரப்பட்டால் மேலே ஓடு கட்டி, உள்ளிருப்பவை வெளியேறாமல் காய்ந்து சாகும். மேரியனின் ஈரக் கரிமண்ணுக்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். புனல் சுவரில் நீர்த்துளி கோத்தால் சிற்றுண்ணிகள் அதில் ஒட்டிக்கொள்ளும். மண்ணுக்கும் சுவருக்கும் இடையே காற்று போக இடம் விடுங்கள். அடியில் 70% எத்தனால். சீட்டை பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை கரைந்துவிடும்.

கேள்வி: உலர்ந்த சரளைக்கும் இதே புனலா?

பதில்: வேண்டாம். சரளை வலைவழியே கொட்டிவிடும். சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிடும் முறை பொருந்தும்: ஒரு லிட்டர் நீருக்கு 454 கிராம் சர்க்கரை. மண்ணைக் கலக்கிச் சுழல்பொறியில் (சென்ட்ரிஃபியூஜ்) சுற்றி, மேல்நீரை 45 மைக்ரான் சல்லடையில் ஊற்றுங்கள். உடனே நன்னீரால் அலசாவிட்டால் உடல் சுருங்கிவிடும். நானார்கெஸ்டஸ் போன்ற சிற்றுண்ணிகள் அரை மி.மீ.கூட இராதவை, பெரிய கண் சல்லடையில் தப்பிவிடும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்): எதுவும் கிடைக்காத இடத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். சுழியத்தை எழுதாத வரைபடம் ஆய்வாளர்கள் நடந்த பாதையைத்தான் காட்டும், உயிரினத்தின் பரவலை அல்ல. ஒரு மாதிரியில் அகப்படும் வாய்ப்பு 30% என்றால், ஐந்து மாதிரி எடுத்தும் தவறவிடும் வாய்ப்பு சுமார் 17%. பத்து எடுத்தால் 3%க்குக் கீழே. ஆகவே ‘இல்லை’ என்று மட்டும் எழுதாமல் ‘பத்தில் சுழியம்’ என்று எழுதுங்கள். கல் புரட்டித் தேடினாலும் அப்படியே: ஆளுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டு, எத்தனை கல் என்பதையும் குறியுங்கள். உயரம், ஈரம், சரிவின் திசை இல்லாத ஜி.பி.எஸ். புள்ளி பாதிப் பதிவுதான்.

கேள்வி: இனம் கண்டறிவது எப்படி?

பதில்: லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து உடலைத் தெளிவாக்கி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஓரிபாட்டிடு என்ற சிற்றுண்ணி வகையில் இளசும் முதிர்ந்ததும் வேறு வேறு உயிர்போலத் தோன்றும், இரண்டினமாக எண்ணிவிடாதீர்கள். மரபணு பார்ப்பதானால் 95%க்குக் குறையாத எத்தனாலில், முடிந்தால் −20 டிகிரியில். எத்தனால் எரியக்கூடியது என்பதால் கப்பலில் அபாயச் சரக்காகவே ஏறும். அளவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் ஆசிரியர்): பள்ளியிலேயே செய்து பழகலாமா?

பதில்: தாராளமாக. இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்தால் புனல் தயார். மாமரத்தடிச் சருகு போதும். லோட்ஷெடிங் வந்தால் பல்பு அணைந்து கீழிறங்கும் ஓட்டம் நின்றுவிடும், அந்த மணிநேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலணியைக் கழுவச் சொல்வது சம்பிரதாயமா?

பதில்: இல்லை. மேரியன் தீவு அடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் தீவுகள் 1995 முதல் சிறப்பு இயற்கைக் காப்பகம். விதையும் அயல் சிற்றுண்ணியும் வெல்க்ரோவிலும் காலணி இடுக்கிலும்தான் பயணம் செய்கின்றன. வெல்க்ரோவை ஊசியால் கிளறுங்கள், பையின் தையலை வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். குழாயையும் சல்லடையையும் ஒவ்வோர் இடத்துக்குப் பிறகும் எத்தனாலால் துடையுங்கள். இல்லாவிட்டால் தீவின் ஒரு மூலைச் சிற்றுண்ணியை இன்னொரு மூலையில் நீங்களே இறக்கிவிட்டு, அங்கேயும் இருக்கிறது என்று எழுதிவிடுவீர்கள்.