ஏழு வாரமாகியும் திரும்பாத குரல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் தரம் 4 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்த வாரத்தில் எனக்குத் தடிமனும் காய்ச்சலும் இருந்தன. அதோடு இரண்டு நாள் மைதானத்தில் நின்று சத்தமிட்டேன். மூன்றாம் நாள் விடிய குரல் முற்றாக அடைத்துவிட்டது. காய்ச்சல் மாறி ஏழு வாரமாகியும் பேச்சு வெறும் காற்றாகவே வருகிறது. இருமல் பாணி, அன்டிபயோட்டிக், கொத்தமல்லி அவியல், ஆவி எல்லாம் பார்த்தாயிற்று. குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னதால் எல்லோரிடமும் குசுகுசுத்தே பேசுகிறேன். இனிக் குரல் வராதோ என்ற பயத்தில் நித்திரை இல்லை.

பதில்: ஆசிரியை அவர்களே, முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இன்றோடு குசுகுசுப்பதை நிறுத்திவிடுங்கள். அது ஓய்வு போலத் தோன்றினாலும், பெரும்பாலானோர் குசுகுசுக்கும்போது தொண்டையின் தசைகளை இறுக்கிப் பிழிந்தே காற்றை வெளியே தள்ளுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில், மெதுவாக, சிறு சிறு வசனங்களாகப் பேசுவது அதைவிட நல்லது. முழு மௌனம் வீக்கம் கடுமையாக இருக்கும் முதல் சில நாள்களுக்கு உதவும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் குரலைப் பயன்படுத்தும் பழக்கமே தளர்ந்துவிடும்.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் ஒன்றையொன்று மெல்லத் தொட்டு அதிர்வதால்தான் குரல் பிறக்கிறது. பெண்கள் பேசும்போது அவை வினாடிக்கு ஏறத்தாழ 200 தடவை அதிர்கின்றன. தடிமனில் அவை வீங்கியிருந்த நாள்களில், மைதானத்தில் நின்று நீங்கள் உரத்துக் கத்தியிருக்கிறீர்கள். வைரசால் வரும் இத்தகைய அழற்சி வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அன்டிபயோட்டிக் வைரசுக்கு வேலை செய்யாது என்பதால் அது உங்களுக்குப் பயன்படாமல் போனதில் வியப்பில்லை.

வீக்கம் ஆறிய பிறகும் குரல் வராமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு. குரல் வராத நாள்களில் அதை வரவழைக்கத் தொண்டையை இறுக்கிய பழக்கம், நோய் போன பின்னும் தசைகளில் நின்றுவிடுவதை அடிக்கடி காண்கிறோம். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு விழுவதைப் போல, நாளாந்தம் உரத்துப் பேசுபவர்களின் குரல் நாண்களில் சிறு தடிப்புகள் விழுவதும் உண்டு. ஆசிரியர்களிடம் இது அதிகம். சிலருக்கு வைரசு குரல் நாணை அசைக்கும் நரம்பைத் தாக்கிவிடுகிறது. அப்போது தேற மாதக்கணக்காகலாம். வெளியிலிருந்து தொண்டையைப் பார்த்து இவற்றைப் பிரித்தறிய எவராலும் முடியாது. மூன்று நான்கு வாரம் தாண்டிய குரலடைப்பில் குரல் நாண்களை நேரே பார்த்தாக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான். மாவட்ட வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் விடயத்தைச் சொல்லி, காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். மூக்கு வழியாகக் கமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பது சில நிமிட வேலை. கூச்சம் இருக்குமே தவிர, பெரிய வலி இராது. தசை இறுக்கமோ தடிப்போ என்றால் முதற்சிகிச்சை பெரும்பாலும் குரற்பயிற்சிதான், சத்திரசிகிச்சை அல்ல.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவையும் உள்ளன. ஒரு குவளை நீரில் ஸ்ட்ரோவை இரண்டு விரலளவு அமிழ்த்தி, ‘ஊ’ என்று மெல்ல ஒலித்தபடி குமிழி விடுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடமாக, நாளுக்கு நான்கைந்து தடவை. சிறுவயதில் பப்பாசிக் காம்பால் குளத்து நீரில் குமிழி விட்டிருந்தால் பழகிய வேலைதான். ஆனால் பால் வடியும் காம்பை இப்போது வாயில் வைக்க வேண்டாம். இப்பயிற்சியில் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் இலகுவாக அதிரப் பழகுகின்றன. நோவு தோன்றினால் நிறுத்திவிடுங்கள். கொத்தமல்லி அவியல் குடிப்பதில் தவறில்லை, ஆனால் குடிப்பதும் கொப்பளிப்பதும் குரல் நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுவதும் நீர் குடித்து உடலை வறட்சியின்றி வைத்திருப்பதே அவற்றை ஈரமாக்கும். ஆவி பிடிக்கும்போது தைலம் கலக்காதீர்கள், சுடுநீர்ச் சட்டி கவிழாமல் கவனம். தொண்டையைக் கனைப்பதற்குப் பதிலாக ஒரு மிடறு நீரை விழுங்குங்கள்.

பாடசாலையைப் பற்றி அதிபரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நம் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் நீண்ட மண்டபமொன்றை அரைச்சுவரால் பிரித்து வகுப்புகளை நடத்துகிறார்கள். அடுத்த வகுப்பின் இரைச்சலுக்கு மேலாகக் கத்த வேண்டியிருப்பது உங்கள் குறையல்ல. மரநிழலில் வகுப்பெடுக்கலாம், கைதட்டலையோ மணியையோ சைகையாகப் பழக்கலாம், வாசிப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம், இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கி கிடைத்தால் பயன்படுத்தலாம். கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் செய்யுங்கள்.

குரலற்றவரிடம் பேசுபவர்கள் தாமும் குசுகுசுக்கத் தொடங்குவார்கள், சிலர் காது கேளாதவரிடம் போல உரத்துப் பேசுவார்கள், தொலைபேசியில் எதிர்ப்பக்கத்தவர் அழைப்பைத் துண்டித்துவிடுவார். இவை ஒவ்வொன்றும் நோகும் என்பதை அறிவேன். ஒரு கொப்பியைக் கையில் வைத்திருங்கள். நெருங்கியவர்களிடம் “அவசரப்படுத்தாதேங்கோ, நான் முடிக்கும்வரை பாருங்கோ” என்று எழுதிக் காட்டுங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன் தைரொயிட் சத்திரசிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து குரல் காற்றாக வருகிறது. தண்ணீர் குடித்தால் புரைக்கேறுகிறது. காத்திருக்கலாமா? (புதுக்குடியிருப்பு)

பதில்: குரல் நாணை அசைக்கும் நரம்பு தைரொயிட் சுரப்பியை ஒட்டியே செல்வதால், சத்திரசிகிச்சையில் அது இழுபட்டோ நசுங்கியோ களைத்துப் போகலாம். அறுபடாத நரம்பு பெரும்பாலும் சில மாதங்களில் தேறும். ஒரு வருடம் வரை தேறியவர்களும் உள்ளனர். ஆனால் புரைக்கேறுவதை அப்படி விட்டுவைக்க முடியாது, ஏனெனில் நீர் நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அசையாத நாணை ஊசி மருந்தால் நடுப்பக்கம் கொண்டுவரும் சிகிச்சை உண்டு. அதுவரை நிமிர்ந்து இருந்து, சிறு மிடறாக, பேசாமல் குடிக்கட்டும். மூச்சு எடுக்கும்போதோ விடும்போதோ இரைச்சல் கேட்டால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. சுருட்டும் வெற்றிலையும் நீண்டகாலப் பழக்கம். மூன்று மாதமாகக் குரல் கம்மியிருக்கிறது. நோவில்லை, நெல் தூசிதான் என்று சொல்லி வைத்தியரிடம் வர மறுக்கிறார். (மாங்குளம்)

பதில்: தம்பி, நோவில்லை என்பதை நிம்மதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குரல் நாணில் தொடங்கும் புற்றுநோய் ஆரம்பத்தில் நோவதில்லை. குரல் கம்முவதே பெரும்பாலும் அதன் முதல் அடையாளம். குரல் உடனே மாறிவிடுவதால் அதை வெகு நேரத்தோடு கண்டுபிடிக்க முடிகிறது, அந்நிலையில் கதிர்ச் சிகிச்சையாலோ சிறு சத்திரசிகிச்சையாலோ மிகப் பலர் முழுமையாகக் குணமடைகிறார்கள். அப்பாவுக்கு வேறு சாதாரணக் காரணமும் இருக்கலாம், ஆனால் இந்த வயதில், இந்தப் பழக்கத்தோடு, மூன்று மாதம் என்பது பொறுத்திருக்கும் காலமல்ல. அவரோடு வாதாட வேண்டாம். “ஒருக்காப் பார்த்துவிட்டு வருவம், நானும் கூட வாறன்” என்று சொல்லி, ஒரு நாள் வேலையை விட்டு நீங்களே இந்த வாரம் கூட்டிச் செல்லுங்கள். விழுங்கக் கடினமாக இருக்கிறதா, கழுத்தில் கட்டி தென்படுகிறதா, சளியில் இரத்தம் வருகிறதா, உடல் மெலிகிறதா, ஒரு பக்கக் காது நோகிறதா என்று கவனித்து, இருந்தால் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சுருட்டை விடும் பேச்சைப் போகும் வழியில் எடுக்காதீர்கள். நிபுணர் பார்த்து முடித்த பின், அவர் முன்னிலையிலேயே எடுக்கலாம்.