கிளிநொச்சியில் கார் காப்புறுதி: ஆகக் குறைந்த விலையையே எடுக்கலாமா?

வணக்கம். ஒப்பீட்டுத் தளத்தில் மூன்று நிறுவனங்களின் விலை வந்ததாகவும், ஆகக் குறைந்ததை எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். காரின் பெறுமதியாக அங்கே எதைப் பதிந்தீர்கள் என்று முதலில் பாருங்கள். சந்தையில் 60 இலட்சம் போகும் காரை 40 இலட்சம் என்று போட்டால் கட்டுப்பணம் குறையத்தான் செய்யும். ஆனால் திருத்தச் செலவு 3 இலட்சம் வந்தால், அதே விகிதத்தில் கழித்து 2 இலட்சம்தான் கையில் கிடைக்கக்கூடும். பலர் ஏமாறும் இடம் இதுதான்.

அடுத்து, விபத்துச் செலவில் நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை எவ்வளவு? ஏ9 வீதியில் இருட்டியபின் மாடுகள் படுத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு முன்விளக்கும் பம்பரும் உடைந்தால், அந்தத் தொகைக்குள்ளேயே செலவு அடங்கி, காப்புறுதியிலிருந்து ஒரு சதமும் வராமல் போகலாம்.

பழைய காப்புறுதியில் இழப்பீடு கோராமல் இருந்தவராயின், அதற்கான கடிதத்தைக் காட்டிக் கழிவு கேளுங்கள். லீசிங்கில் எடுத்த கார் என்றால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். லீசிங் நிறுவனத்தார் முழுக் காப்புறுதிதான் கேட்பார்கள்.

பணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் கிளிநொச்சி அல்லது வவுனியாக் கிளைக்கு அழைத்து, இரவில் மாங்குளத்தில் விபத்து நடந்தால் சேதத்தைப் பார்வையிடும் மதிப்பீட்டாளர் எங்கிருந்து வருவார் என்று கேளுங்கள்.