அனுப்பிய கொட்டேஷனை மாற்றலாமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஏசி பொருத்தும் சிறிய கம்பனி நடத்துகிறேன். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையத்துக்கு 10 ஏசிக்கு 2,840,000 ரூபா என்று போன வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் கொட்டேஷன் அனுப்பினோம். 18 வீத வற் வரியைச் சேர்க்க மறந்துவிட்டோம். சேர்த்தால் 3,351,200 வரும். கீழே "30 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்று வேறு அச்சிட்டிருக்கிறது. அவர்கள், "கிடைத்தது, பார்த்துச் சொல்கிறோம், கொஞ்சம் குறைக்க முடியாதா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டார்கள். புதிய விலை அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள், ஆனால் இன்றைக்கே. "பார்த்துச் சொல்கிறோம்" என்பது சம்மதம் அல்ல. அவர்கள் ஏற்றுக்கொள்ளும் முன் நீங்கள் விலகும் செய்தி அவர்களைப் போய்ச் சேர வேண்டும். உங்கள் அலுவலகத்துக்குள் முடிவெடுத்துவிட்டால் மட்டும் போதாது.

சிக்கல் "30 நாட்களுக்குச் செல்லுபடியாகும்" என்ற அந்த வாசகத்தில்தான். "காசு எதுவும் வாங்காமல் கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தாது" என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது இங்கிலாந்திலும் இந்தியாவிலும் உள்ள விதி. இங்கே இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டம். பதிலுக்கு எதுவும் பெறாவிட்டாலும், நியாயமான காரணத்தோடு மனமறிந்து கொடுத்த வாக்கு கட்டுப்படுத்தும் என்பது ஜயவிக்ரம எதிர் அமரசூரிய வழக்கில், அப்போது நமது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1918இலேயே சொன்னது. ஆகவே "30 நாள் திறந்து வைப்பேன்" என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருந்தால் நீங்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. "கிடைத்தது" என்ற சொல் அந்த ஏற்பு ஆகாது என்றுதான் நான் வாதிடுவேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சும்மா இருக்கமாட்டார் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

"தவறு நடந்துவிட்டது" என்ற வாதத்தை நம்பி இருக்காதீர்கள். ஒரு பூச்சியம் விடுபட்டு 284,000 என்று போயிருந்தால் பார்த்தவுடனே தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பிடித்துக்கொள்பவருக்குச் சட்டம் துணை நிற்காது. வற் அப்படியல்ல. எல்லாம் சேர்த்த விலை என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் குற்றம் காண முடியாது.

"கொஞ்சம் குறைக்க முடியாதா?" வெறும் கேள்வி, உங்கள் விலை அப்படியே நிற்கிறது. "26 இலட்சம் என்றால் எடுக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் அது எதிர்முன்மொழிவு. பழையது அத்தோடு செத்திருக்கும், உங்களுக்கும் தலைவலி போயிருக்கும்.

அப்புறம், பலர் செய்யும் தவறு: புதிய கொட்டேஷனை மட்டும் அனுப்பிவிட்டு சும்மா இருந்துவிடுவது. அப்போது இரண்டு விலைகள் அவர்கள் கையில் இருக்கும். மலிவானதுக்குத்தான் "சரி" என்பார்கள். இப்படி எழுதுங்கள்: "இன்ன திகதியிட்ட, இன்ன இலக்கக் கொட்டேஷனை இத்தால் மீளப் பெறுகிறோம். அதற்குப் பதிலாக, இணைத்துள்ள கொட்டேஷன் மட்டுமே செல்லுபடியாகும்." முதலில் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கே அனுப்பி, வட்ஸ்அப்பிலும் போட்டு, தொலைபேசியில் பேசி, கிடைத்ததா என்று எழுத்தில் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, மின்னஞ்சலில் வந்த சம்மதம் தாளில் இல்லை என்பதற்காக மட்டும் செல்லாமல் போகாது. ஆகவே அவர்கள் முந்திக்கொண்டால் வட்ஸ்அப்பில் வரும் ஒரு "ஓகே"யே உங்களைக் கட்டிவிடலாம். பழைய செய்தியை அழிக்க வேண்டாம். பிடிஎஃப் ஏற்கெனவே அவர்கள் போனில் இருக்கும், அழித்தது உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

உங்கள் செய்தி போய்ச் சேரும் முன்பே சம்மதம் வந்துவிட்டால், அட்வான்ஸ் வாங்காமல், சாமான் ஓடர் பண்ணாமல், எல்லாச் செய்திகளையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.