கேப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள், நாளைக் காலையில் ரத்தம் கொடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவு சூப்பர்வைசர். ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்டு. 8 ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை (75 மைக்ரோகிராம்) எடுத்து வருகிறேன். அசதியும் மன அழுத்தமும் தாங்காமல், உடன் வேலை செய்பவர் சொன்னதன்பேரில் 9 வாரங்களாக அஸ்வகந்தா கேப்ஸ்யூல் இரு வேளையும், மிளகுச் சத்து சேர்ந்த மஞ்சள் மாத்திரை ஒரு வேளையும் சாப்பிடுகிறேன். முதலில் நன்றாகத் தூக்கம் வந்தது. இப்போது நெஞ்சு படபடக்கிறது. அஸ்வகந்தாவை வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. என் அம்மா சர்க்கரை நோயால் டயாலிசிஸ் வரை சென்று இறந்தவர். இது பழக்கமாகிவிடுமா? சூட்டைக் கிளப்புமா? எடை கூடுமா? இரண்டு வாரமாக இரவில் உள்ளங்கையும் பாதமும் அரிக்கின்றன, சிறுநீர் வரக்காப்பி போல் போகிறது. "சூட்டுக்குத்தான் கண்ணு" என்று மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார்.
– வாசகி, ஊத்துக்குளி

பதில்: முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. தோலில் தடிப்போ சொறியோ இல்லாமல் உள்ளங்கையும் பாதமும் இரவில் அரிப்பதும், சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போவதும் சேர்ந்து வந்தால், கல்லீரலிலிருந்து குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் ரத்தத்தில் தேங்குகிறது என்றுதான் ஒரு மருத்துவர் முதலில் நினைக்க வேண்டும். அஸ்வகந்தா, மஞ்சள் மாத்திரை, கீழாநெல்லி மூன்றையும் இன்றே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. நாளைக் காலை கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஆகியவற்றுடன் ரத்தம் உறையும் திறனைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். முடிவு சரியில்லை என்றால், பித்தப்பைக் கல்லும் கல்லீரலைத் தாக்கும் ஏ, பி, சி, ஈ வகை வைரஸ்களும் காரணமா என்று பார்க்க வயிற்று ஸ்கேனும் மேலும் சில ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும். ஏனென்றால் பழியைக் கேப்ஸ்யூலின் மேல் மட்டும் போட்டுவிட்டு உண்மைக் காரணத்தைத் தவறவிடுவதும் பிழைதான்.

அதுவரை வீட்டிலேயே இரண்டைப் பார்க்கலாம். காலைச் சிறுநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீர் குடிக்காததால் வந்த அடர்நிறமாக இருந்தால், நன்றாகத் தண்ணீர் குடித்த பின் மதியத்துக்குள் தெளிந்துவிடும். பித்தம் கலந்ததாக இருந்தால் எவ்வளவு குடித்தாலும் நிறம் மாறாது, மேலே நிற்கும் நுரையிலும் மஞ்சள் தெரியும். (வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று போவது வேறு, அதில் தீங்கில்லை.) அடுத்து, டியூப்லைட் வெளிச்சத்தை நம்பாமல் வாசலுக்கு வந்து, கீழே பார்த்தபடி மேல் இமையைத் தூக்கி, வெள்ளை விழியை வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் தெரிந்தாலோ, மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனாலோ காலை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தொடர் வாந்தி, ஈறில் ரத்தக் கசிவு, பகலில் தூங்கி வழிவது, பேச்சில் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அஸ்வகந்தாவால் கல்லீரல் வீங்குவது அரிது. ஆனால் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் கண்ட 5 நோயாளிகளைப் பற்றி 2020-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், கேப்ஸ்யூல் தொடங்கிய 2 முதல் 12 வாரங்களுக்குள் காமாலையும் கடும் அரிப்பும் தோன்றியதாக எழுதியிருந்தார்கள். உங்களுக்கு 9-வது வாரம். அவர்களில் ஒருவருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை. நிறுத்திய சில மாதங்களில் சீராகிவிடுவதே பொதுவான போக்கு. ஆனால் 2023-இல் நம் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்த 3 பேர் இறந்திருக்கிறார்கள். நம்மில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதே தெரியாது என்பதால்தான் "இயற்கைதானே, என்ன செய்துவிடும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பொறுமை போகிறது.

மஞ்சளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசும் ஊர்க்காரர்கள் நாம். நம் குழம்பில் விழும் மஞ்சள்தூளால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் நீங்கள் விழுங்கும் மாத்திரையில் இருப்பது அந்த மஞ்சளிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய குர்குமின். சாதாரணமாகக் குடலில் அது மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். அதனுடன் மிளகுச் சத்தைச் சேர்த்தால் ரத்தத்தில் ஏறும் அளவு ஏறத்தாழ 20 மடங்காகிறது என்று 1998-இல் பெங்களூரு ஆய்வு ஒன்று காட்டியது. விற்பவர்கள் அதைச் சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள். கல்லீரலுக்கு அது சிறப்பல்ல. இத்தகைய மாத்திரைகளால் காமாலை கண்டவர்கள் இருந்ததால் இத்தாலி அரசு 2022-இல் அவற்றின் டப்பாவில் எச்சரிக்கை அச்சிடக் கட்டாயமாக்கியது. ஆக, இரண்டில் எது உங்களுக்குத் தீங்கு செய்தது என்று இப்போது பிரித்தறிய முடியாது, இரண்டும் வேண்டாம்.

கீழாநெல்லி விஷயத்தில் மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும், காமாலைக்கு நாட்டு மருந்து குடித்துக்கொண்டே மூன்று நான்கு வாரத்தைக் கழித்துவிட்டு, கண் மஞ்சளாகி, வயிறு வீங்கிய பிறகு வருபவர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்தச் செடியின் குணத்தைப் பற்றியதல்ல என் மறுப்பு. எதனால் காமாலை என்று தெரியாமல் மேலும் ஒன்றை உள்ளே அனுப்பினால் நாட்கள் போகும், அந்த நாட்கள் திரும்பி வராது.

இனி, உங்களைத் தூங்கவிடாத அந்தச் சிறுநீரகப் பயம். டென்மார்க் 2023-இல் அஸ்வகந்தாவைத் தடை செய்தது உண்மை. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் தைராய்டு, இனப்பெருக்க ஹார்மோன்கள் மீதான விளைவும் கர்ப்பத்துக்கு நேரக்கூடிய ஆபத்துமே. சிறுநீரகம் அந்த வீடியோக்காரரின் சொந்தச் சரக்கு. நாட்டு மருந்தால் சிறுநீரகம் கெடுவது பெரும்பாலும் பாதரசம், காரீயம் போன்ற உலோகம் கலந்தவற்றாலும், வலிக்கு உடனே கேட்கும் என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளாலும்தான். உங்கள் புட்டியின் லேபிளில் பஸ்பம், செந்தூரம் என்று உலோகம், தாதுவிலிருந்து செய்யும் மருந்தின் பெயர் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் சிறுநீரகத்தைக் கெடுத்தது சர்க்கரை நோய். அது உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், நாளை எடுக்கும் அதே ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி, சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும், சிறுநீரில் புரதத்தையும் பார்த்துவிடுங்கள். அம்மாவை நினைத்துக் கலங்கும் மகள் ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய பரிசோதனை இது. எந்த வீடியோவும் இதைச் சொல்லாது.

படபடப்பை டென்ஷன் என்று ஒதுக்க வேண்டாம். தைராய்டு சற்றே குறைந்திருந்த 50 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அஸ்வகந்தாவை 8 வாரம் எடுத்தவர்களுக்குத் தைராய்டு ஹார்மோன் கூடி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இறங்கியது. நீங்களோ வெளியிலிருந்து 75 மைக்ரோகிராம் ஏற்கெனவே எடுக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் அளவு மிஞ்சி நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், சோர்வும் கூடும். டி.எஸ்.எச்., எப்.டி.4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) பரிசோதனையை நாளையே செய்து, நிறுத்திய 6 வாரம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். முடி வளர்ச்சிக்கான பயோட்டின் மாத்திரை ஏதேனும் எடுத்தால் ரத்தம் கொடுப்பதற்கு 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும், அல்லது எடுத்ததை ஆய்வகத்தில் சொல்லிவிட வேண்டும். அது முடிவைப் பொய்யாகக் காட்டும்.

மற்ற கேள்விகளுக்கு: பழக்கமாகாது, உடனே நிறுத்தலாம். சூடு பற்றிக் கவலை வேண்டாம். எடை கூடுவதற்கு இது காரணமாகாது.

அசதிக்கு வருவோம். 43 வயதில், எட்டு ஆண்டுத் தைராய்டுடன், ஒன்றரை ஷிப்டு நின்று வேலை பார்க்கும் பெண்ணுக்கு அசதி ஏன் வருகிறது என்று தேடாமல் அசதியைப் போக்கும் கேப்ஸ்யூலைத் தேடியது உங்கள் தவறு மட்டுமல்ல, ஊரே அதைத்தான் செய்கிறது. ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், வைட்டமின் பி12 பாருங்கள். மாதவிலக்கு அதிகமாகப் போகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. போனால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்து, காபிக்கு முன் அரைமணியாவது விடுகிறீர்களா? இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளி எடுக்கிறீர்களா? கம்பெனி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கினால் 75 மைக்ரோகிராமும் முழுதாக உடலில் சேராது.

கல்லீரல் முடிவு சரியில்லை என்று வந்தால் வாழ்நாளில் மறுபடி அஸ்வகந்தா உங்களுக்கு ஆகாது. அமுக்கராச் சூரணம் என்ற பெயரிலும் ஆகாது, இரண்டும் ஒரே செடி. சரியாக வந்து, பிறகும் மூலிகை வேண்டுமென்று நினைத்தால், அரசு மருத்துவமனையின் சித்த மருத்துவப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரிடம் தைராய்டு மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். கிழங்கை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்கக் கூடாது என்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருப்பதை அவர் அறிவார். இணையத்தில் விற்பவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

புட்டிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மீதிக் கேப்ஸ்யூலோடு அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உங்களுக்கு அதைச் சொன்ன, உடன் வேலை செய்பவரும் அதைச் சாப்பிடுகிறார் என்றால், அவருக்கும் அரிப்பு இருக்கிறதா, சிறுநீர் எந்த நிறத்தில் போகிறது என்று இன்று இரவே போன் செய்து கேளுங்கள்.